கொடுக்காதீர்கள்: பதினோராம் பதிப்பு

"கருணையோட சொல்லுங்க," என்றார் கருணை மேலாளர். "ஆனா கருணை வந்துடக் கூடாது."

குரலக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்பதாவது தடவையாக வாயைத் திறந்தாள். ஒலிப்பதிவு அறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆள் உள்ளே நின்றால் இன்னொரு ஆள் மூச்சு விட முடியாது. சுவரெல்லாம் பஞ்சு. எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை. அங்கே சுவர் முழுக்கத் திரைகள். நகரத்தில் ஓடும் நாற்பத்தொரு ரயில்களின் ஒவ்வொரு பெட்டியும் அந்தத் திரைகளில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

"அன்பான பயணிகளே, கை நீட்டுபவர்களுக்கு நேரடியாக எதையும் கொடுக்காதீர்கள். உங்கள் கருணையை நிலையத்தில் உள்ள கருணைப் பெட்டியில் செலுத்துங்கள்."

மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "அந்த 'அன்பான'ல அன்பு கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு. இன்னொரு தடவை."

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அத்தனை ரயிலிலும் அவள் குரல்தான். அதனால் அலுவலகத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் குரலக்கா. கடையில் ஒரு கிலோ வெங்காயத்துக்குப் பேரம் பேசினால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் தங்களை அறியாமல் இரண்டடி பின்வாங்குவார்கள். நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டோமோ என்ற பயம்.

அவள் அன்று பதிவு செய்துகொண்டிருந்தது பதினோராம் பதிப்பு. முந்தைய பத்தின் கதையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது. கேளுங்கள்.

முதல் பதிப்பு பரமசாது. காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். சனங்கள் காசை நிறுத்திவிட்டு ரொட்டி கொடுத்தார்கள். இரண்டாம் பதிப்பில் ரொட்டிக்குத் தடை வந்தது. ஒரு டீச்சரம்மா மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போக, மூன்றாம் பதிப்பில் "பொருள்கள்" என்று சேர்த்தார்கள். யாரோ ஒருவர் எழுந்து ஒரு கிழவருக்கு இடம் கொடுத்ததைத் திரையில் பார்த்துவிட்டு நிர்வாகம் மூன்று நாள் கூடிப் பேசியது. கேட்டுப் பெறுவது எதுவானாலும் பிச்சையே என்று தீர்மானம் நிறைவேறியது. அதிலிருந்து ரயிலில் மணி கேட்பதும் வழி கேட்பதும்கூடப் பட்டியலில் ஏறின. பிறகு ஆறு பேர் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று ஒன்பது மாதம் ஓசியில் ரயிலில் சுற்றிவிட்டு ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. கொடுப்பவன் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கிறான். ஆகவே பார்ப்பதை ஒழித்தால் கொடுப்பது தானாக ஒழியும். அப்படிப் பிறந்ததுதான் "உறுதி நிலை".

யாராவது கை நீட்டினால் பயணிகள் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு பெட்டியின் கூரையைப் பார்க்க வேண்டும். இதுதான் உறுதி நிலை. வாரா வாரம் நடைமேடையில் பயிற்சி உண்டு. மாதா மாதம் சிறந்த பெட்டிக்குக் கேடயம் உண்டு. போன மாதம் கேடயம் வாங்கிய பெட்டியில் ஒரு தாய், தன் கைக்குழந்தை பாலுக்கு அழுதபோதும் கூரையைத்தான் பார்த்தாளாம். மேலாளர் அதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

குரலக்காவுக்கு இதில் எல்லாம் ஒரு குழப்பம் இருந்தது. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டும் விட்டாள்.

"நேரடியாக் கொடுத்தா என்ன சார் தப்பு?"

மேலாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. "அதுலதான்மா சிக்கலே இருக்கு. நேரடியாக் கொடுத்தா அது வாங்கினவனுக்கு மட்டும்தான் போய்ச் சேருது. அப்புறம் நடுவுல நாங்க இத்தனை பேர் எதுக்கு இருக்கோம்?"

"கருணைப் பெட்டியில விழுறது யாருக்குப் போகுது சார்?"

"அறிவிப்புக்கு. பெட்டியில போடணும்னு மக்களுக்குச் சொல்லணுமா வேணாமா?"

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? அவளுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. வீட்டுக்காரர் பெயிண்டர். சர்க்கரை நோயாளி. மழைக்காலத்தில் அவருக்கு வேலை கிடையாது; அவர் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு மழையும் கிடையாது வெயிலும் கிடையாது.

பத்தாவது தடவைக்கு அவள் மூச்சை இழுத்தபோது மடியில் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. பெயிண்டர்தான். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. எடுத்துவிட்டாள்.

"ட்ரெயின் ஏறிட்டேன்," என்றார். நாக்கு குழறியது. "ஊசி போட்டுட்டேன்... சாப்பிடல. மேஸ்திரி சாரத்தை இறக்கிட்டுப் போன்னு... கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. மிட்டாய்... மிட்டாயை அந்தச் சட்டையில..."

"எந்த ட்ரெயினு? என்னங்க, எந்த ட்ரெயினு?"

தொடர்பு அறுந்துவிட்டது. ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் வண்டி நுழைகிற இடத்தில்தான் இப்படி அறும்.

போன வருஷம் வீட்டில் இப்படி ஒரு தடவை ஆனது. சர்க்கரை ஏறினால் நாள் கணக்கு, இறங்கினால் நிமிஷக் கணக்கு என்று டாக்டர் அப்போது சொன்னார். அன்றைக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையை விரலில் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்துக்குள் தடவினாள். பத்தே நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, ஏன் இப்படி அழுகிறாய் என்று கேட்டார். ஒரு ஸ்பூன். அவ்வளவுதான் வேண்டும்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள் ஓடினாள். திரைகளுக்கு முன்னால் திரைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் தன் கையால் எந்த முடிவும் எடுத்துவிடக் கூடாது என்று விரதம் இருப்பவர்.

"இப்போ ஆத்துக்கு அடியில போற வண்டி எதுங்க?"

"பதினேழு. இப்பத்தான் சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சுது. அக்கரை போய்ச் சேரப் பதினெட்டு நிமிஷம் ஆகும். நடுவுல ஸ்டேஷன் கிடையாது. ஏன்?"

அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். பதினேழாம் வண்டி, மூன்றாம் பெட்டி. கதவோரம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை வெள்ளையும் பச்சையுமாகப் பெயிண்ட் தெறித்த உடுப்போடு, இன்னொரு கையை நீட்டியபடி நின்றார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அய்யோ, என் வீட்டுக்காரர்!"

"இவரா?" திரைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இவரை நான் அப்பவே குறிச்சுட்டேனே. கை நீட்டல், ஒண்ணு. அழுக்கு உடை, ஒண்ணு. தள்ளாட்டம், ஒண்ணு."

"அழுக்கு இல்லீங்க, அது பெயிண்டு! அவருக்குச் சர்க்கரை இறங்கிருச்சு!"

"பெயிண்டுக்குப் பதிவேட்டுல தனிக் கட்டம் இல்லையேம்மா."

குறித்துவிட்டால் அந்தப் பெட்டிக்கு அறிவிப்புத் தானாக ஓடும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்குவது திரையில் தெரிந்தது. என்ன ஓடுகிறது என்று அவளுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பத்தாம் பதிப்பு. அவள் குரல். அவள் குரலுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பெட்டியில் இருந்த நாற்பது பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தினார்கள். திரையில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. நாற்பது தொண்டைகள்தான் வரிசையாகத் தெரிந்தன.

பெயிண்டர் ஒரு தொண்டையிடமிருந்து அடுத்த தொண்டைக்குப் போனார்.

"அதை நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"நிறுத்தறதுக்குச் சாவி சார்கிட்ட இருக்கு."

தன் அறையில் உட்கார்ந்து பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த சார் வந்தார். நிதானமாக வந்தார். விஷயத்தைக் கேட்டார். திரையைப் பார்த்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது பெயிண்டர் இல்லை.

"பாருங்கய்யா," என்றார் நெஞ்சு விம்ம. "ஒருத்தர் கூடக் குனியல. இந்த மாசக் கேடயம் இந்தப் பெட்டிக்குத்தான்."

"சார், அவர் செத்துடுவார் சார்."

"பதறாதீங்கம்மா. பதறினா குரல் கெட்டுப்போகும். இது மருத்துவ விஷயம்னா மருத்துவப் பிரிவுக்குச் சொல்லிடலாம். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு." மேலாளர் தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

மருத்துவப் பிரிவின் குரல் ஏதோ மென்றுகொண்டே பேசியது. "ஆள் விழுந்துட்டாரா?"

"இன்னும் விழல."

"விழுந்தா கூப்பிடுங்க. நின்னுக்கிட்டுக் கை நீட்டினா அது உங்க பிரிவு. விழுந்தாத்தான் நாங்க."

வண்டியை நிறுத்தச் சொல்லலாமே என்றால், பயணி தானாக அபாய மணியை அழுத்தினால் மட்டுமே வண்டி நிற்கும். தவிர, ஆற்றுக்கு அடியில் நிறுத்தி என்ன பிரயோசனம்? வெளியிலிருந்து யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவர்களிடம் இல்லாத மருந்தும் இல்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பிஸ்கட்டாவது, மிட்டாயாவது இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் நாற்பது பை இருந்தது.

அவள் திரையையே பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்திய புருஷன் விழுந்து தொலைய மாட்டாரா என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக அதே மூச்சில் தன்னையே திட்டிக்கொண்டாள். பெயிண்டரின் முழங்கால்கள் மடங்கின. கம்பியைப் பிடித்த கை வழுக்கிக்கொண்டே இறங்கியது. கதவில் முதுகைச் சாய்த்து, மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விழுந்துட்டார்!" என்றாள்.

மேலாளர் தொலைபேசியில் நேர்மையாகச் சொன்னார்: "உட்கார்ந்த மாதிரிதான் இருக்கு."

"உட்கார்றது விழறதாகாது சார்," என்றது மருத்துவப் பிரிவு. "போன வருஷம் இதே மாதிரி ஒரு கேஸ்ல எங்களுக்கு மெமோ கொடுத்துட்டாங்க."

சுரங்கத்தைக் கடக்க இன்னும் பதின்மூன்று நிமிஷம் இருந்தது.

கட்டுப்பாட்டு மேசையில் நேரடி மைக் ஒன்று உண்டு. அதன் மேல் பூட்டிய கண்ணாடி மூடியும் உண்டு. முன்பு வேலை பார்த்த ஒருத்தர், வெளியே மழை பெய்கிறது, குடை உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பேசிவிட்டார். அந்த மாலையே மூடியும் வந்தது, பூட்டும் வந்தது.

"சார், காலில் விழறேன். அந்த மூடியைத் திறங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிடறேன். அந்த ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுங்கன்னு."

மேலாளர் முகம் வாடிவிட்டது. அவருக்கும் இளகிய மனசுதான். "கொடுங்கன்னு நம்ம ஒலிபெருக்கியில எப்படிம்மா சொல்றது? பத்து வருஷ உழைப்பு. ஒரு வார்த்தையில போயிடும். ஆனா நான் கல்லு இல்ல. சட்ட ஆலோசகர்கிட்ட வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கிடறேன். வாங்கினதும் நானே திறந்து விடறேன்."

சட்ட ஆலோசகர் இன்னொரு தொலைபேசியில் வந்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததால்தான் தாமதமானது. "மிட்டாய்" என்றால் மிட்டாய் கம்பெனிகளுக்கு விளம்பரமாகும். "இனிப்பு" என்று சொல்லலாம். "இனிப்பு" என்றால் சர்க்கரை நோய்ப் பிரசாரத்துக்கு முரண். "உண்பொருள்" என்று சொல்லலாம். "கொடுங்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. "உதவுங்கள்" அதைவிட மோசம். அதற்கு எல்லை கிடையாது.

"அவர் தலை தொங்குது சார்," என்றாள் குரலக்கா. "ஐயா, அவர் தலை தொங்குது."

"ஒரு நிமிஷம்மா. அழகா ஒண்ணு வந்திருக்கு. எழுதிக்குங்க."

ஒன்பதாவது நிமிஷத்தில் மூடி திறந்தது. அவள் கையில் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார்கள். மேலாளர் பக்கத்திலேயே நின்றார். வேறு வழியில்லாமல் அவள் அதை வாசித்தாள்:

"மூன்றாம் பெட்டிப் பயணிகளின் கவனத்திற்கு. தங்களிடம் உள்ள உண்பொருள்களை, விருப்பமுள்ளவர்கள், கதவின் அருகே தற்செயலாகத் தவறவிடலாம்."

திரையில் நாற்பது தலைகளும் ஒரு கணம் கூரையிலிருந்து இறங்கின. குரலக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் பொருள்கள் தவறிப்போவது பற்றி ரயிலில் சொன்னால் சனங்கள் என்ன செய்வார்கள்? நாற்பது பேரும் தங்கள் பைகளை இறுக்கி அணைத்துக்கொண்டார்கள். ஒருவர் பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கதவருகே திருடன் உட்கார்ந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டு, அருகில் நின்றவர்கள் நாலு அடி தள்ளிப் போனார்கள். பிறகு எல்லாத் தலைகளும் மறுபடி கூரைக்கு ஏறின.

"ஒழுங்கு," என்றார் மேலாளர். தன்னை அறியாமல் சொல்லிவிட்டார் போலும்.

அப்போது பெயிண்டர் பக்கவாட்டில் சரிந்தார். கன்னம் தரையில் பட்டது. இதை யாரும் உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது.

"விழுந்துட்டார்!" அவளும் திரைக்காரரும் ஒன்றாகக் கத்தினார்கள். நாலு மாத விரதத்தில் திரைக்காரர் அன்றைக்குத்தான் ஒரு கருத்துச் சொன்னார்.

"சரி," என்றது மருத்துவப் பிரிவு. மெல்வதை நிறுத்தியிருந்தது. "அக்கரை ஸ்டேஷன்ல ஆள் நிறுத்தறோம். வண்டிக்குள்ளேயும் அறிவிப்புச் செய்யலாம். ஆனா அவர் உங்க பதிவேட்டுல பிச்சைக்காரரா இருக்கார். உங்க பிரிவிலிருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வேணும். கடிதம் இல்லாம உங்க பிச்சைக்காரரை நாங்க நோயாளியா எடுக்க முடியாது."

"நியாயம்தானே," என்றார் மேலாளர். "கடிதத்துக்கு எண் போடணும். எண் போடுற அம்மா சாப்பிடப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே வரம் கொடுத்துவிட்டார். எண் போடுகிற அம்மாதான் இல்லை.

மைக்கின் மூடி திறந்தபடியே இருந்தது. குரலக்கா ஒரே எட்டில் போய் அதைப் பிடித்தாள். தனித்தனிப் பெட்டிக்கு என்று இருந்த பொத்தானைத் தேட நேரமில்லை. கையில் அகப்பட்ட சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அது எல்லா ரயிலுக்கும், எல்லா நிலையத்துக்கும் உரியது.

"கூரையைப் பார்த்தது போதும், எல்லாரும் கீழ பாருங்க," என்றாள். "மூணாம் பெட்டியில கதவுகிட்ட ஒருத்தர் கிடக்கார். குடிகாரர் இல்ல. திருடர் இல்ல. பிச்சைக்காரர் இல்ல. பிச்சைக்காரரா இருந்தாத்தான் என்னங்க? அவர் என் வீட்டுக்காரர். சர்க்கரை இறங்கிப்போச்சு. ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு மிட்டாய், எதுவா இருந்தாலும் அவர் கன்னத்துக்குள்ள வச்சுத் தேய்ங்க."

மேலாளர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் மேசையின் விளிம்பைக் கட்டிக்கொண்டாள்.

"கொடுக்காதீங்க கொடுக்காதீங்கன்னு தினமும் உங்க காதுல ஓதினவ நான்தான். இப்ப நான்தான் கேக்கறேன். பிச்சையாவே கேக்கறேன். அவரில்லாம எனக்கு யாருமே இல்ல. ஐயா, அம்மா, யாராவது... யாராவது ஒருத்தர்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசிய குரல் நகரம் முழுக்கத் தேம்பித் தேம்பி அழுதது.

திரையில் எதுவும் அசையவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. மூன்று நொடி. அவளுக்கு அந்த மூன்று நொடியில் தாலி கட்டிய நாளிலிருந்து எல்லாம் கண்முன் வந்து போனது.

முதலில் குனிந்தவள் கல்லூரிப் பெண் மாதிரி இருந்த ஒருத்தி. அவள் கையில் காபிக் கடைக் காகிதப் பை இருந்தது. அதற்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மண்டியிட்டாள். பெயிண்டரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரையை விரலில் தொட்டுக் கன்னத்துக்குள் தேய்த்தாள். பையின் வாரைக் கையில் சுற்றியிருந்த மனிதர் அதை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பையையே கவிழ்த்துக் கொட்டினார். அப்புறம் நாற்பது பேரும்தான்.

நாற்பது பேர் மட்டும் இல்லை. செய்தி எல்லா ரயிலுக்கும் போய்விட்டதே! நாற்பத்தொரு ரயில்களின் மூன்றாம் பெட்டியிலும் சனங்கள் எழுந்து அந்த அம்மாவின் வீட்டுக்காரரைத் தேடினார்கள். கதவருகே யார் இருந்தாரோ அவர் தப்பவில்லை. எட்டாம் வண்டியில் தூங்கிக்கொண்டு வந்த வரி அதிகாரியின் வாயில் இரண்டு பேர் சேர்ந்து கேக்கைத் திணித்தார்கள். இருபத்தாறாம் வண்டியில் ஒரு சுவர்க் கடிகார வியாபாரி, நான் இல்லைங்க, எனக்குக் கல்யாணமே ஆகலைங்க என்று கதறியும் விடவில்லை. ரயில் நிலையங்களில் ரொம்ப நாளாகக் கூரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சுகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். அங்கே சிலர் உண்மையாகவே பசியோடு படுத்திருந்தார்கள்.

வண்டி அக்கரை போய்ச் சேர ஒரு நிமிஷம் இருந்தபோது பெயிண்டரின் கை அசைந்தது. கண் திறந்தது. அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். குரலக்காவுக்கு உதட்டசைவிலேயே தெரிந்துவிட்டது. ஏன் இப்படி அழுகிறாய் என்றுதான் கேட்டிருப்பார். அவள் நாற்காலியில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டு, கடவுளே, கடவுளே என்று சிரித்தாள்.

பக்கத்தில் மேலாளர் ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். மீறல்களை எண்ணுகிறாராம். தாள் தீர்ந்து இன்னொன்று கேட்டார்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. நீள மேசை, ஏழு நாற்காலி, ஏழு தண்ணீர்க் குவளை. குற்றச்சாட்டு: அலுவலகச் சொத்தான ஒலிபெருக்கியைப் பயன்படுத்தி, பணி நேரத்தில், நாற்பத்தொரு ரயில்களில் ஒரே சமயத்தில் பிச்சை எடுத்தது. இதுவரை எந்தத் தனிநபரும் செய்திராத அளவு என்று குறிப்பு வேறு.

"ஒரே ஒரு கேள்விம்மா," என்றார் மேலாளர். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். "பத்து வருஷமா சனங்களைப் பழக்கி வச்சிருக்கோம். கேட்டா கொடுப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது சார்," என்றாள். "கேட்டேன்."

ஏழு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு மேலாளர் எழுந்து பேசினார். "இந்த அம்மா செஞ்சது மன்னிக்க முடியாத குற்றம். அதனால ஒப்பந்தம் ரத்து. ஆனா நாம உணர்ச்சிவசப்படக் கூடாது, விஷயத்தை விஷயமாப் பார்க்கணும். நம்ம அறிவிப்பு பத்து வருஷத்துல சாதிக்காததை இந்த அழுகை ஒரு நிமிஷத்துல சாதிச்சிருக்கு. அழுதது இந்த அம்மா. ஆனா மைக் நம்மளது. நேரம் நம்ம பணி நேரம். ஆகவே அழுகை நிர்வாகத்துக்குச் சொந்தம். இதை வீணாக்குறது பொறுப்பில்லாத்தனம்."

தண்ணீர்க் குவளைகள் அதிரும்படி கை தட்டினார்கள்.

அவள் வேலை போய் இரண்டு மாதம் ஆனது. டாக்டரிடம் காட்டிவிட்டு இருவரும் ஒரு நாள் மத்தியானம் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார்கள். அன்று ரயிலில் என்ன பேசினாய் என்று பெயிண்டர் பலமுறை கேட்டிருக்கிறார். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், விடுங்க என்று அவளும் பலமுறை மழுப்பியிருக்கிறாள். பொண்டாட்டி இப்படி ஊரறியப் புலம்பினாள் என்று தெரிந்தால் மனுஷன் கூசிப்போவார் என்று அவளுக்கு நினைப்பு.

நுழைவாயிலில் புதிதாகச் சாயம் பூசிய கருணைப் பெட்டி நின்றது. அதற்கு முன்னால் நீண்ட வரிசை. பெட்டிக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு பெண்ணின் அழுகுரல் வந்துகொண்டிருந்தது.

"பிச்சையாவே கேக்கறேன். அவரில்லாம எனக்கு யாருமே இல்ல. ஐயா, அம்மா, யாராவது... யாராவது ஒருத்தர்..."

தேம்பல் முடிந்ததும் மேலாளரின் கனத்த குரல் சொன்னது: "உங்கள் கருணையை இந்தப் பெட்டியில் செலுத்துங்கள். நேரடியாகக் கொடுக்காதீர்கள்."

பெயிண்டர் நின்றுவிட்டார். "இது நீயா?"

"வாங்க, வண்டி வந்துடும்."

"எனக்காகவா இப்படிக் கெஞ்சினே?"

"வேற யாருக்காகக் கெஞ்சுவேன்? வாங்கன்னா வாங்க."

அவர் வரவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அது ஓடும். இரண்டாவது தடவையும் கேட்டார். காவலாளி அருகில் வந்தான். "சும்மா நின்னு கேக்கக் கூடாது பெரியவரே. கேட்டா பெட்டியில போடணும். போட்டுட்டு நகருங்க."

"இது என் பொண்டாட்டிப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றான் காவலாளி.

குரலக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கை சூடாக இருந்தது, நடுக்கம் இல்லாமல் இருந்தது. அவர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் அந்தக் குரல் அவரில்லாமல் தனக்கு யாருமே இல்லை என்று அழுதது.

"நான் இருக்கேம்மா," என்றார் பெயிண்டர் ஒலிபெருக்கியிடம். "எனக்கு ஒண்ணும் ஆகல. நீ அழாத."

அது அழுதுகொண்டே இருந்தது. அவரும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.